மேரி கட்டடத்துலேருந்து கீழூர் வரைக்கும்: புதுச்சேரி வார்டுகளைத் தேடி நாலு நாள்

முதல் நாள், ராத்திரி 10 மணி, குருசுக்குப்பம்

திருவான்மியூர்ல காலைல ஆறரைக்கு பஸ் ஏறி, மரக்காணம் உப்பளம் எல்லாம் தாண்டி பத்து மணிக்கெல்லாம் பாண்டி வந்து சேந்தாச்சு. அம்மா பொறந்த ஊரு, சித்தி இன்னும் இங்கதான் இருக்காங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துருவேன். ஆனா இந்த தடவ ஒரே ஒரு விஷயத்துக்காக நாலு நாள் லீவு போட்டு வந்திருக்கேன். இந்த ஊரோட நகராட்சி ஓட்டு கதை. நகராட்சி, கொம்யூன் (பிரெஞ்சுக்காரங்க பிரிச்ச உள்ளாட்சி பகுதி), வார்டு, கவுன்சிலர், இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுது, எங்க வந்து நின்னு போச்சு, அந்த இடங்களை நேர்ல போய் பாத்துடணும்.

காரணம் எங்க ஆயாதான். அவங்க போய் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. திண்ணைல உக்காந்து வெத்தல மடிச்சிகிட்டே ஒரு வார்த்த அடிக்கடி சொல்லுவாங்க, "எங்க மேரிக்காரங்க கை தூக்கிதான்டா கொடி மாறுச்சு"ன்னு. சின்ன வயசுல அதை ஒரு பழங்கதையாதான் கேட்டுட்டு இருந்தேன். காலேஜ் முடிச்சு வேலைக்கு போனதுக்கு அப்புறம் ஒருநாள் படிச்சு பாத்தா, ஆயா சொன்னது அச்சு அசலா நடந்த விஷயம். பிரான்ஸ் கிட்டேருந்து இந்தியாவுக்கு இந்த ஊர் வந்ததுக்கு ஓட்டு போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க நகராட்சி கவுன்சிலருங்க. அந்த இடம் கீழூர், அங்க மூணாம் நாள் போறேன்.

இன்னிக்கு சாயந்தரம் பீச் ரோடு. ஆறு மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, அதனால ரோட்டு நடுவுலயே நடக்கலாம். காந்தி சிலை பக்கம் வழக்கம்போல கூட்டம். நான் நேரா மேரி கட்டடத்துக்கு முன்னாடி போய் நின்னேன். வெளியூர்க்காரங்க மேரின்னா ஏதோ சாமி பேருன்னு நெனச்சிப்பாங்க. பிரெஞ்சுல நகராட்சி ஆபீஸுக்கு 'மெரி', அது நம்ம வாய்ல மேரி ஆயிடுச்சு. 1870-71ல கட்டுன பழைய கட்டடம் 2014 நவம்பர் 29ந் தேதி மழைல இடிஞ்சு விழுந்துருச்சு. அன்னிக்கு டிவில பாத்துட்டு அம்மா ஒண்ணுமே பேசல, ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்க. அப்புறம் உலக வங்கி பணத்துல ஏறக்குறைய 15 கோடி ரூபாய்ல பழைய மாதிரியே திரும்ப கட்டி 2021 பிப்ரவரில திறந்தாங்க. அதே தூணு, அதே வெள்ளை, அதே பெரிய ஜன்னலுங்க. தூரத்துலேருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. கிட்ட போய் சுவரை தொட்டு பாத்தேன், பழைய சுண்ணாம்பு சுவர்ல ஒரு சில்லுப்பு இருக்கும், கைல லேசா மாவு ஒட்டும், அது இல்ல. ஆனாலும் இருக்குன்றதே பெரிய நிம்மதி.

இந்த கட்டடத்துக்குள்ள ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த ஆளுங்க வந்து உக்காந்தது 1880லேருந்து. அந்த வருஷம் மார்ச் 12ந் தேதி பிரெஞ்சு அரசாங்கம் ஒரு ஆணை போட்டு பிரெஞ்சிந்தியாவ கொம்யூன் கொம்யூனா பிரிச்சுது, மொத்தம் 10. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேயர், ஒரு கவுன்சில். 1907ல அதை 17 ஆக்குனாங்க, புதுச்சேரில 8, காரைக்கால்ல 6, வங்காளத்துல இருக்கற சந்திரநாகூர், அப்புறம் மாஹே, ஏனாம் ஒவ்வொண்ணு. கொம்யூன்ற வார்த்தைய இன்னிக்கும் சர்க்கார் போர்டுல பாக்கலாம், 'கொம்யூன் பஞ்சாயத்து'ன்னே எழுதியிருக்கும், இந்தியால வேற எந்த மாநிலத்துலயும் அந்த வார்த்தைய பாத்ததில்ல நான்.

ஆனா அந்த ஓட்டு எல்லாருக்கும் ஒரே எடைல இல்ல, இதுதான் மனசு ஆறாத விஷயம். வாக்காளர் பட்டியலே தனித்தனி. ஐரோப்பியருக்கும் அவங்க வம்சாவளிக்கும் ஒரு பட்டியல், இந்தியருக்கு வேற பட்டியல். 1884லேருந்து மூணு பட்டியல் ஆச்சு, மூணாவதா வந்தவங்க ரெனோன்சான்னு சொல்ற கூட்டம், அதாவது 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தன்னோட சாதி வழக்கம், சொந்த சட்டம் எல்லாத்தையும் விட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு கையெழுத்து போட்டவங்க. வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளைதான் அதுக்கு முன்னோடி. 1873ல கோர்ட்டுக்குள்ள ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுட்டு வந்தாருன்னு தண்டனை குடுத்தாங்க, அவரு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சாரு. ஒரு மனுஷன் செருப்பு போட்டுட்டு நிக்கிற உரிமைல ஆரம்பிச்ச சண்டைதான் பின்னாடி வாக்காளர் பட்டியல் வரைக்கும் போச்சுன்னு எனக்கு தோணும்.

சில நூறு வெள்ளக்காரங்க இருக்கற பட்டியலுக்கும் ஆயிரக்கணக்குல இருக்கற பட்டியலுக்கும் தனித்தனியா கவுன்சில் சீட்டு, அப்ப ஒரு வெள்ளக்காரர் ஓட்டுக்கு எத்தன தமிழ் ஓட்டு சமம்னு கணக்கு போட்டு பாருங்க. 1899ல பட்டியல ரெண்டா குறைச்சாங்க, அதுக்கு மேல பல வருஷம் அப்படியே ஓடிச்சு. அந்த காலத்துல தேர்தல ஆட்டி வச்சவரு சண்முக வேலாயுத முதலியார், மொத்த தமிழ் வாக்காளருங்களும் அவர் கண்ணசைவுக்கு போவாங்கன்னு சொல்லுவாங்க. அவருக்கு அப்புறம் 1908லேருந்து 1928 வரைக்கும் மேயர் நாற்காலில ஹென்றி கெப்ளே, பஞ்சாலை முதலாளி. பின்னாடி பாரதி மில்லுன்னு பேர் மாறுனது அவரோட மில்லுதான். மில் முதலாளியே மேயரு, தாத்தா அந்த மாதிரி ஒரு மில்லுல தறி ஓட்டுன ஆளு. ரெண்டு பேரும் ஒரே ஊருக்கு ஓட்டு போட்டவங்க.

கால் வலிக்குது. சித்தி வஞ்சிர வறுவல் வச்சிட்டு கூப்புடுறாங்க. நாளைக்கு எழுதறேன்.

ரெண்டாம் நாள், மத்தியானம் 3 மணி

காலைல அஞ்சரைக்கே எழுந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ரெண்டும் சுத்தி வந்தேன். இங்க கரையே கிடையாது, கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க. 1980கள் கடைசில தெக்க துறைமுகம் கட்டுனதுக்கு அப்புறம் வடக்க மணல அரிச்சுட்டு போயிடுச்சு. ஆயா காலத்துல வலை காய வச்ச மணல் எங்க இருந்துச்சுன்னு சித்தி கை நீட்டி காட்டுனாங்க, அந்த இடத்துல இப்ப அலை அடிக்குது.

சித்தி பீரோல ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா இருக்கு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், தாத்தாவோட மில்லு டோக்கன், ஆயாவோட மூக்குத்தி பில்லு எல்லாம் அதுலதான். அதுலேருந்து ஒரு துண்டு காகிதம் எடுத்து குடுத்தாங்க. 2006 நகராட்சி தேர்தலுக்கு கட்சிக்காரங்க வீடு வீடா குடுத்த பூத் சிலிப். உள்ளங்கை அளவு, பழுப்பேறி மடிச்ச எடத்துல பிய்ஞ்சு போய் இருக்கு. வார்டு நம்பர், பாகம் நம்பர், வரிசை நம்பர் மூணும் ஊதா பேனால எழுதி இருக்கு, கீழ சின்னம் அச்சடிச்ச எடத்துல எண்ணெய் கறை. ஆயா பேருக்கு குடுத்தது. அப்ப அவங்களுக்கு 82 வயசு. சித்தப்பா டிவிஎஸ்ல ஒக்கார வச்சு கூட்டிட்டு போய் ஓட்டு போட வச்சாரு. திரும்பி வந்து, விரல்ல மை காய்றதுக்குள்ள, "இனிமே தெருவுக்கு ஒரு ஆளு இருக்கான்"னு சொன்னாங்களாம்.

அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல உள்ளாட்சி தேர்தல் நடந்தது எப்ப தெரியுமா, 1968. அன்னிக்கு ஆயாவுக்கு 44 வயசு. 44 வயசுல போட்ட ஓட்டுக்கு அடுத்த ஓட்டு 82 வயசுல. நடுவுல 38 வருஷம். சித்தி 1964ல பொறந்தவங்க, அவங்களுக்கு ஓட்டு வயசு வந்து எத்தனையோ எம்எல்ஏ, எம்பி தேர்தல் வந்து போயிடுச்சு, கவுன்சிலருக்கு ஓட்டு போட்டது வாழ்க்கைல ஒரே ஒரு வாட்டி, அது 2006. அதுல வந்த கவுன்சில் 2011ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் தேர்தல் இல்ல. ஆபீசருங்கதான் நடத்துறாங்க.

பிரெஞ்சு காலத்துல நடந்த தேர்தல்கள் ஆயாவுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. 1936 ஜூலை 30ந் தேதி மில் தொழிலாளிங்க மேல துப்பாக்கி சூடு நடந்து 12 பேர் செத்தாங்க, தாத்தா அப்ப சின்ன பையன், ஆனா அந்த சம்பவம்தான் அவரை கடைசி வரைக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா பக்கம் நிக்க வச்சுது. 1944ல பிரான்ஸ்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்துச்சு, அது கடல் தாண்டி இங்க வந்து சேந்து, பட்டியல் பிரிக்கிறதும் ஒழிஞ்சு, ஆம்பள பொம்பள எல்லாரும் ஒரே வரிசைல நின்னு போட்டது 1946 ஜூன் நகராட்சி தேர்தல்ல. ஆயாவுக்கு அப்ப 22 வயசு, கைல கொழந்த. முதல் ஓட்டு. சுப்பையா இருந்த தேசிய ஜனநாயக முன்னணி பெரும்பாலான கொம்யூன பிடிச்சுது.

ரெண்டே வருஷத்துல எல்லாம் மாறிடுச்சு. பிரான்ஸ் சர்க்கார் 1948 ஜூன்ல என்ன சொன்னாங்கன்னா, இந்தியாவோட சேரணுமா வேணாமான்னு மக்களே வாக்கெடுப்புல முடிவு பண்ணட்டும், அந்த வாக்கெடுப்ப எப்ப எப்படி வைக்கிறதுன்றத புதுசா தேர்ந்தெடுக்கற நகராட்சி கவுன்சிலுங்க சொல்லட்டும்னு. அதனால 1948 அக்டோபர் 24 தேர்தல் சாதாரண தண்ணி, ரோடு தேர்தல் இல்ல. ஊரே கொதிச்சுது. மாஹேல தேர்தலுக்கு மூணு நாள் முன்னாடியே ஜனங்க பொங்கி நிர்வாகத்தையே கைல எடுத்துட்டாங்க, அங்க தேர்தலே நடக்கல. புதுச்சேரில எதுவார் குபேர் தலைமைல இருந்த சோஷலிஸ்ட் கட்சி, அப்ப பிரான்ஸ் பக்கம் சாஞ்சு நின்ன கட்சி, ஜெயிச்சுது. பாப்பா குபேர்னு ஊர்ல சொல்லுவாங்க, பெரிய மார்க்கெட்டுக்கும் பீச் ரோட்டுக்கும் அவர் பேருதான் வச்சிருக்காங்க. அந்த தேர்தல்ல அடிதடி, மிரட்டல் எல்லாம் நடந்ததா ஆயா சொல்லுவாங்க, தாத்தாவ ரெண்டு நாள் வீட்ட விட்டு வெளிய விடலையாம். சந்திரநாகூர்ல மட்டும் 1949 ஜூன் 19ல வாக்கெடுப்பு நடந்துச்சு, இந்தியாவோட சேரணும்னு 7,473 பேர், வேணாம்னு 114 பேர்.

இப்ப மத்தியானம் டீக்கடைல நடந்த ஒரு பேச்சு எழுதியே ஆகணும். பெஞ்சுல ஒரு பெரியவர், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு, சொல்தான்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் கவுன்சிலர் கதைய ஆரம்பிச்சதும் அவர் கேட்டாரு, "தம்பி, இங்க எங்களுக்கு எம்எல்ஏ இருக்காரே, தெருவிளக்கு எரியலன்னா அவர் வீட்டு வாசல்ல போய் நிப்போம், அவரே ஆள அனுப்புவாரு, அப்பறம் எதுக்கு கவுன்சிலரு?"

நியாயமான கேள்வி. நான் உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு ஓட்டு போட்டு அனுப்பறது 30 பேர், 2021 தேர்தல்ல மொத்த வாக்காளர் 10 லட்சம் சொச்சம். ஒரு எம்எல்ஏவுக்கு சுமாரா 33 ஆயிரம் ஓட்டு. எங்க சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, 2022 தேர்தல்ல 60 லட்சத்துக்கு மேல வாக்காளர், ஒரு கவுன்சிலருக்கு சராசரியா 30 ஆயிரம். அதாவது இங்க ஒரு எம்எல்ஏவோட தொகுதியும் சென்னைல ஒரு கவுன்சிலரோட வார்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்ப இங்க எம்எல்ஏ பாக்கற வேலைல பாதி கவுன்சிலர் வேலைதான். கவுன்சிலர்னு இன்னொரு ஆளு வந்து அதே தெருவுல நின்னா யாருக்கு கஷ்டம்னு யோசிச்சு பாருங்க. எந்த கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உள்ளாட்சி தேர்தலுக்கு அவசரம் காட்டாததுக்கு இது ஒரு பெரிய காரணம்னுதான் நான் நெனைக்கிறேன்.

பெரியவர்கிட்ட இதையே வேற மாதிரி சொன்னேன். ஐயா, எம்எல்ஏ நல்லவரா இருந்தா உங்க தெருவிளக்கு எரியும், ஆனா அது அவர் உங்களுக்கு செய்ற உதவி. நகராட்சி பட்ஜெட்ல உங்க தெருவுக்கு எவ்ளோன்னு கேள்வி கேட்டு, இல்லன்னா கைய தூக்கி எதிர்த்து ஓட்டு போட ஒரு ஆளு அந்த மேரிக்குள்ள உக்காந்திருக்கணும் இல்லையா. அவரு கொஞ்ச நேரம் டீ கிளாஸயே பாத்துட்டு, "பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்கப்பா கவுன்சில் கூட்டம் நடக்கும்போது வெளிய நின்னு கேப்பாரு"ன்னு சொன்னாரு. அவ்ளோதான், அதுக்கு மேல பேசல.

எங்க ஊரையும் சொல்லணும். சென்னைலயும் 1973ல கலைச்ச மன்றம் 1996லதான் திரும்ப வந்துச்சு, அப்புறம் 2016லேருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாம இருந்தோம். 2015 வெள்ளத்துக்கு படகு கேட்டு போன் பண்ண ஒரு நம்பராவது கவுன்சிலர்னு இருந்துச்சு, கொரோனா லாக்டவுன்ல அதுவும் இல்ல. அந்த வித்தியாசம் தெரிஞ்சவன்ற முறைலதான் இதை எழுதறேன்.

மூணாம் நாள், ராத்திரி

கீழூர்.

காலைல பஸ்ல வில்லியனூர். திருக்காமீஸ்வரர் கோவில் தேரடில எறங்கி இட்லி சாப்ட்டுட்டு, ஒரு ஆட்டோ பேசி கீழூர் போனேன். ஆட்டோக்கார அண்ணன் "அங்க என்ன இருக்கு, ஆகஸ்ட் 16 அன்னிக்கு மட்டும்தான் கார் நெறைய வரும்"னு சொன்னாரு. ரெண்டு பக்கமும் நெல்லு, நடுவுல கரும்பு, வாய்க்கால்ல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. ரொம்ப அமைதியான கிராமம்.

நினைவிடம் பெருசா ஒண்ணும் இல்ல. கொடிக்கம்பம், நினைவுத்தூண், கல்வெட்டு. நான் போனப்ப கேட்டுக்கு வெளிய ரெண்டு ஆடு வேப்பங்கொழுந்த எட்டி எட்டி கடிச்சிட்டு இருந்துச்சு. செருப்ப கழட்டிட்டு உள்ள போனேன், கழட்ட சொல்லி யாரும் சொல்லல, எனக்கே தோணுச்சு.

1954 அக்டோபர் 18, திங்கக்கெழம. இங்க கூடுனது 178 பேர். புதுச்சேரி, காரைக்கால் ரெண்டு பகுதிலேருந்தும் பிரதிநிதி சபை (அந்த காலத்து சட்டமன்றம் மாதிரி) உறுப்பினருங்க, கூடவே நகராட்சி கவுன்சிலருங்க. மாஹே, ஏனாம் ரெண்டும் அந்த வருஷம் ஜூன், ஜூலைலயே பிரெஞ்சு கைய விட்டு போயிடுச்சு, அதனால அவங்க இல்ல. கேள்வி ஒண்ணே ஒண்ணு, இந்தியாவோட சேரணுமா. சேரணும்னு 170, வேணாம்னு 8.

இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னு ஆட்டோ அண்ணனுக்கு சொன்ன மாதிரியே சொல்றேன். 1946ல எழுதுன பிரெஞ்சு அரசியல் சட்டத்துல 27வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, எந்த நிலப்பகுதிய விட்டு குடுத்தாலும் அங்க இருக்கற ஜனங்க சம்மதம் இல்லாம செல்லாதுன்னு. அப்ப ஜனங்க சம்மதத்தை எப்படி வாங்கறது? வாக்கெடுப்பு வச்சா திரும்ப 1948 மாதிரி ரத்தம் சிந்தும்னு பயம், யார் நடத்தறது, யார் மேற்பார்வைன்னு ரெண்டு நாட்டுக்கும் ஒத்துவரல. கடைசில ரெண்டு சர்க்காரும் ஒத்துகிட்ட வழி, ஜனங்க ஏற்கனவே ஓட்டு போட்டு அனுப்பி வச்ச ஆளுங்க இருக்காங்களே, அவங்க சொல்றதே ஜனங்க சொல்றதுன்னு எடுத்துக்கறது. பாகூர்ல, நெட்டப்பாக்கத்துல, திருநள்ளாறுல, நெரவில வாய்க்கால் தூர் வார்ற தீர்மானத்துக்கு கை தூக்கற ஆளு, அந்த ஆளோட கை ஒரு நாடு மாறறதுக்கு போதும்னு டெல்லியும் பாரிஸும் ஒத்துகிச்சு.

இது திடீர்னும் வரல. அந்த வருஷம் மார்ச் 18ந் தேதி புதுச்சேரி பகுதி மேயருங்க எல்லாம் கூடி, வாக்கெடுப்பு எல்லாம் வேணாம், நேரா இந்தியாவோட சேக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி பிரான்ஸ் பக்கம் நின்னு ஜெயிச்ச அதே குபேர் கட்சி ஆளுங்கதான். பிரெஞ்சு நிர்வாகத்தோட சண்டையாகி குபேர் நெட்டப்பாக்கம் போய் மார்ச் கடைசில அங்க இந்திய கொடி ஏத்துனாரு. ஏன் மாறுனாரு, எதுக்கு மாறுனாருன்னு இன்னிக்கு வரைக்கும் பாண்டில ரெண்டு கட்சி கட்டி பேசுவாங்க. வீட்ல தாத்தா கடைசி வரைக்கும் அவர மன்னிக்கல, ஆயா மன்னிச்சாங்க. "எப்டியோ, சரியான நேரத்துல சரியான பக்கம் வந்தான்ல"ன்னு சொல்லுவாங்க.

எனக்கு அந்த 8 பேர் மேலயும் மரியாதை வந்துச்சு, சும்மா சொல்லல. ஊரே ஒரு பக்கம் போய்ட்டு இருக்கறப்ப, போலீஸ், வேலி, கெடுபிடி எல்லாம் பாத்த ஒரு வருஷத்துல, வேணாம்னு சொல்லிட்டு போயிருக்காங்க, அதையும் எண்ணி 8னு எழுதி வச்சிருக்காங்க. 178க்கு 178ன்னு இருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூணு நாள் கழிச்சு அக்டோபர் 21ல ஒப்பந்தம், நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கை மாறுச்சு. சட்டப்படி முழுசா மாற பிரெஞ்சு பார்லிமெண்ட் ஒத்துக்க 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் ஆச்சு, அதனாலதான் ஆட்டோ அண்ணன் சொன்ன ஆகஸ்ட் 16. முதலமைச்சர் வந்து கொடி ஏத்துவாங்க, அன்னிக்கு இந்த ரோடு முழுக்க காரு.

தூணுக்கு பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் இருந்தேன். வாய்க்கால் சத்தம் மட்டும்தான். கவுன்சிலர் ஓட்ட இவ்ளோ ஒசத்தியா வச்ச மண்ணு இது, இங்கதான் இன்னிக்கு கவுன்சிலரே இல்ல. எனக்கு தொண்ட அடைச்சுது. 2021ல ஒரு வாட்டி நெருங்கி வந்துச்சு. மாநில தேர்தல் ஆணையம் அக்டோபர் மாசத்துக்கு தேதி எல்லாம் அறிவிச்சாங்க, 1,149 பதவி, நகராட்சி தலைவர் 5, நகராட்சி கவுன்சிலர் 116, கிராம பஞ்சாயத்து தலைவர் 108, கொம்யூன் கவுன்சிலர் 108, கிராம வார்டு உறுப்பினர் 812. வார்டு இட ஒதுக்கீட்டுல கேசு, சென்னை உயர்நீதிமன்றம், தேதி தள்ளி வைப்பு, திரும்ப தேதி, திரும்ப கேசு, அப்படியே நின்னு போச்சு. இட ஒதுக்கீடு சரியா இருக்கணும்னு கேக்கறது தப்பே இல்ல, பிற்படுத்தப்பட்டவங்களுக்கும் பட்டியலினத்தவங்களுக்கும் உரிய எடம் இல்லாத கவுன்சில் எதுக்கு? ஆனா அதை கணக்கெடுத்து சரி பண்ணி முடிக்க இத்தன வருஷம் ஆகணுமா? 1992ல செஞ்ச 74வது அரசியல் சட்ட திருத்தம் அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல நடத்தணும்னு தெளிவா சொல்லுது.

ஆட்டோ அண்ணன் திரும்பற வழில ஒண்ணும் பேசல, வில்லியனூர் வந்ததும் காசு வாங்கும்போது, "எங்க தாத்தாவும் கொம்யூன் கவுன்சில்ல இருந்தாருன்னு அப்பா சொல்லுவாரு சார், அவர் பேரு அங்க இருக்குமான்னு நான் போய் பாத்ததில்ல"ன்னாரு. போய் பாருங்கண்ணேன்னு சொன்னேன்.

நாலாம் நாள், காரைக்கால் பஸ் ஸ்டாண்டு, சாயந்தரம் 6

சுருக்கமாதான் எழுத முடியும், போன்ல சார்ஜ் 20க்கு வந்துடுச்சு.

கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியா 130 கிலோமீட்டருக்கு மேல, நாலு மணி நேரம். நடுவுல எல்லாம் தமிழ்நாடு, அப்புறம் திடீர்னு ஒரு வளைவு, திரும்ப புதுச்சேரி. 1954ல காரைக்கால் கவுன்சிலருங்க இந்த தூரம் வந்துதான் கீழூர்ல ஓட்டு போட்டிருக்காங்க, அப்ப இந்த ரோடு எப்படி இருந்திருக்கும்னு பஸ்ல வர்றப்ப யோசிச்சிகிட்டே வந்தேன்.

இங்க நான் பாக்க வந்தது ஒரு வரைபடம்தான். 1907ல காரைக்கால்ல இருந்த ஆறு கொம்யூன் காரைக்கால், நெரவி, நெடுங்காடு, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி. இன்னிக்கு இருக்கறது காரைக்கால் நகராட்சி, அப்புறம் அதே அஞ்சு ஊரும் கொம்யூன் பஞ்சாயத்து. ஒண்ணு கூட மாறல. பிரெஞ்சு ஆணை போய் 1973ல புதுச்சேரி நகராட்சி சட்டமும், கிராம கொம்யூன் பஞ்சாயத்து சட்டமும் வந்துச்சு, எல்லைக்கோடு மட்டும் அப்படியே இருக்கு. காரைக்கால் நகராட்சிக்கு 18 வார்டு. அம்மையார் கோவில் பக்கத்துலேருந்து மஸ்தான் சாகிப் தர்கா, அங்கேருந்து மாதா கோவில், அப்புறம் அரசலாத்து பாலம் வரைக்கும் நடந்தேன், ஒரு மணி நேரம் கூட ஆகல, அதுக்குள்ள எத்தன வார்டு தாண்டியிருப்பேன். கோவில் தெருவுல ஒரு மாதிரி பிரச்சன, தர்கா தெருவுல வேற, ஆத்தோரத்துல தண்ணி ஏர்ற வீடுங்களுக்கு முழுசா வேற. மேல உக்காந்திருக்கற ஒரு ஆபீசருக்கு இது எல்லாம் ஒரே ஃபைல்ல ஒரே கலர்ல தெரியும்.

பாலத்துல நின்னு ஒரு மீன்கார அம்மாகிட்ட கேட்டேன், 2006ல ஓட்டு போட்டீங்களான்னு. "போட்டேனே, எங்க தெருப்பொண்ணுதான் நின்னா, ஜெயிச்சா. ராத்திரி பத்து மணிக்கு போய் கதவ தட்டுனாலும் வருவா"ன்னு சொல்லிட்டு, கூடைய தூக்கி தலைல வச்சிகிட்டே, "அவளுக்கு இப்ப பேரப்புள்ள பொறந்தாச்சு"ன்னாங்க.

சித்தி போன் பண்ணாங்க. அந்த பூத் சிலிப்ப நான் பர்ஸ்லயே வச்சிகிட்டு வந்துட்டேன், அதைத்தான் தேடிட்டு இருந்திருக்காங்க. அடுத்த மாசம் நேர்ல வந்து குடுக்கறேன்னு சொன்னேன், அதெல்லாம் வேணாம், நாளைக்கே கூரியர்ல போடு, டப்பால இருக்கணும்னுட்டாங்க. சென்னை பஸ் வந்துடுச்சு, ஏறறேன்.